எனக்கு மண்ணீரல் எடுத்த வருஷம்

மண்ணீரல் என்று ஒன்று உடம்பில் இருப்பதே, அதை அறுத்து வெளியே எடுக்கும் வரை எனக்குத் தெரியாது. நெஞ்சு தெரியும், ஈரல் தெரியும், குடல் தெரியும். இது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தஞ்சோங் பகார் துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய பதினோரு பேரில் ஒருவனுக்கும் தெரியாது. இப்போது தோ பாயோவில் என் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதே ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். படம் போட்டு அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து, இதெல்லாம் உண்மையா என்று என்னிடம் கேட்டது. தாளில் இருப்பது எல்லாம் உண்மைதான் என்று சொல்லி அனுப்பினேன். தாளில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தைந்து வயது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். ஒரு நீள அறையில் எங்கள் கும்பல் மொத்தமும் பாய் போட்டுப் படுப்போம். கும்பலில் பன்னிரண்டு பேர். எங்களுக்கு மேலே ஒரு மண்டோர். அவர்தான் ஆளை எடுப்பார், நிறுத்துவார். கும்பலில் இடம் போனால் அந்த அறையில் பாயும் போய்விடும். கல்யாணம் ஆகாத எனக்கு அந்தப் பாயும் அந்த ஆட்களும் தவிர சிங்கப்பூரில் வேறு ஒன்றும் கிடையாது.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் என் மனம் இளகுகிறது. நான் இளகுகிற ஆள் இல்லை. காலையில் குழாயடியில் வரிசை, ஒருத்தன் சோப்பை ஒருத்தன் திருடுவது, ஈரத் துண்டால் அடித்துக்கொள்வது. சாயங்காலம் பெரிய சட்டியில் மீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோரும் சேர்ந்து சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தே போவோம். பஸ் இருந்தது. ஆனால் நடந்தால்தான் வழியெல்லாம் பேசலாம். தேக்கா மார்க்கெட் பக்கத்தில் இழுத்து ஆற்றிய டீ, அப்புறம் ஜாலான் புசார் பக்கம் இருந்த கேளிக்கைப் பூங்காவில் மோதும் கார். நாளெல்லாம் பாரம் சுமக்கிற ஆட்கள் அங்கே போய்ச் சின்னப் பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொள்வோம். அப்படிச் சிரித்த சிரிப்பை அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். அரிசி மூட்டையை எவனும் தானே தூக்கித் தன் தோளில் வைத்துக்கொள்ள முடியாது. அடுக்குக்குப் பக்கத்தில் ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். நாம் மடித்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் முன்னால் குனிந்து நிற்க வேண்டும். அவர்கள் நான்கு முனையையும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைப்பார்கள். வைத்த நொடியில் நாம் நடந்துவிட வேண்டும். ஒருவன் வலது தோளில் தூக்குவான், இன்னொருவன் இடது தோளில். பழகின தோளை மாற்ற முடியாது. தோள் மாற்றி வைத்துவிட்டால் கழுத்து ஒடியும். அதனால் யார் எந்தத் தோள் என்பது ஏற்றுகிறவர்களுக்கு அத்துப்படி. நான் வலது தோள்.

ஏற்றுகிற இரண்டு பேரில் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். சுளுக்கு எடுப்பதில் கெட்டிக்காரர். கழுத்து திரும்பாமல் வந்தவன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நிமிர்ந்து போவான். பக்கத்துக் கும்பல்களில் இருந்தும், சில நாள் சீனத் தொழிலாளிகளும் கூட, அவரைத் தேடி வருவார்கள். அவர் கை ஒரு முறை கூடத் தப்பியதில்லை. அதனால்தான் நாங்கள் யாரும் டாக்டரிடம் போனதில்லை.

அன்றைக்கு அரிசி இல்லை, ரப்பர். ரப்பர் பொதியில் ஒரு சனியன் உண்டு. அரிசி மூட்டை விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். ரப்பர் பொதி விழுந்தால் குதிக்கும். எந்தப் பக்கம் குதிக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. நாலாவது அடுக்கில் இருந்து ஒன்று சரிந்து, சிமெண்டுத் தரையில் மோதி, எகிறி வந்து அதன் முனை என் இடது விலாவுக்குக் கீழே இடித்தது. மூச்சு நின்றுவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பொதி தேடி வந்து கட்டிப்பிடித்த மாப்பிள்ளை என்றார்கள். மூச்சு வந்ததும் நானும் சிரித்தேன். சாயங்காலம் வரை வேலை செய்தேன்.

இரண்டு நாள் கழித்து இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. விலா அவ்வளவு வலிக்கவில்லை, தோள்தான். தோளின் நுனியில், கத்தியால் குத்துகிற மாதிரி. படுத்தால் அதிகம், உட்கார்ந்தால் குறையும். அண்ணனிடம் காட்டினேன். தோள்பட்டை இறங்கியிருக்கிறது என்றார். தைலம் போட்டு நீவினார். குறையவில்லை. மறுநாள் பசியில்லை, வயிறு உப்பிக்கொண்டிருந்தது, நாலு வாய் சோறு தின்றாலே போதும் என்றிருந்தது. பொதி இடித்ததில் குடல் ஏறியிருக்கிறது என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான் அது, கீழே விழுந்தால் குடல் ஏறும், எண்ணெய் போட்டு உருட்டி இறக்க வேண்டும். என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, இடது விலாவுக்கு அடியில் கட்டைவிரலை அழுத்தி, தொப்புள் வரைக்கும் இழுத்து இழுத்து உருட்டினார். அரை மணி நேரம். சுகமாகக்கூட இருந்தது. நல்லாருக்கு அண்ணே என்று நானே சொன்னேன்.

மறுநாள் காலையில் குழாயடி வரிசையில் நிற்கும்போது கண் இருண்டது. விழுந்ததும் தெரியாது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உடம்பு முழுக்க வேர்த்து ஊற்றியதாம். மண்டோர் ஒரு லாரியை நிறுத்தி, காலிச் சாக்குகளை விரித்து என்னைக் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கூட இரண்டு பேர் ஏறினார்கள். அண்ணனும் ஏறப் பார்த்திருக்கிறார், லாரியில் இடமில்லை.

என்னைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், கண்ணாடி, சிடுசிடுத்த முகம். கேள்வியைச் சவுக்கு மாதிரி வீசுவார்.

"எவடத்திலை நோகுது?"

"தோள்ல, டாக்டர்."

"எந்தத் தோள்?"

"இடது."

"மூட்டை எந்தத் தோளிலை தூக்குறனீர்?"

"வலதுல."

"அப்ப இடது தோள் ஏன் நோகுது?"

கூட வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். என் தோள் எது என்று அண்ணனுக்குத் தெரியும். வருஷக்கணக்காக ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவர் கையால் என் வலது தோளில் மூட்டையை வைத்திருக்கிறார். கும்பலில் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கே தெரியும். மூட்டையே படாத தோள் எப்படிச் சுளுக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் வலித்தால் அது சுளுக்குத்தான் என்று பன்னிரண்டு மடையர்கள் முடிவு கட்டிவிட்டோம்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே போய்த் தேங்கினால் இடது தோள்தான் வலிக்கும் என்று டாக்டர் சொன்னார். விலாவுக்கு அடியில் மண்ணீரல் என்று ஒன்று இருக்கிறது, அது உடைந்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். யாராவது வயிற்றை அமுக்கினார்களா என்று கேட்டார். உருட்டியதைச் சொன்னேன். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கையில் இருந்த தாளை மேஜையில் எறிந்தார். வாசலில் நின்ற மண்டோரும் கூட வந்தவர்களும் இதையெல்லாம் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது, அண்ணன் உருட்டி அவன் வயிற்றை உடைத்துவிட்டார் என்று.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடும் முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

"எடுத்துட்டா மூட்டை தூக்க முடியுமா, டாக்டர்?"

"முதல்லை நீர் எழும்பும். பிறகு பாப்பம்."

இனி மேல் மாடிப் பெண்ணின் தாளில் இல்லாதது. விழித்தபோது மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போயிருந்தது. இடது பக்கத்தில் இன்னொரு குழாய், கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் போய் முடிந்தது. கையில் ஊசி, அதற்கு மேலே ஒரு பாட்டில் தொங்கியது. விலாவில் இருந்து தொப்புளுக்குக் கீழே வரை பிளாஸ்திரி. வலி இருக்கும் என்று யாருக்கும் தெரியும், அதை விடுங்கள். முதலாவது தாகம், அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நாலு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றார்கள். நனைத்த துணியை உதட்டில் வைப்பார்கள். அந்தத் துணியைக் கடித்து இழுத்துச் சப்பினேன். பக்கத்துக் கட்டில்காரர் டீ குடிக்கிற சத்தம் கேட்டால் அவரைக் கொல்லலாம் போல இருக்கும்.

இரண்டாவது, இருமல். ஆபரேஷன் செய்த மறுநாளே மிஸ்ஸி வந்து, எங்கள் காலத்தில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், நிமிர்ந்து உட்கார்ந்து இருமச் சொன்னாள். சீனப் பெண், என் தங்கை வயதிருக்கும். தலையணையை வயிற்றில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும், இல்லாவிட்டால் இடது பக்கத்து நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிடும். இருமினால் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். என் வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் மார்க்கெட்டு மலாயில் இன்னும் ஒரு தடவை என்றாள். தினமும் நாலு வேளை. அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. பிழைத்ததில் பாதி அவளால்.

மூன்றாவது, தோள். மண்ணீரலை எடுத்துப் போட்ட பிறகும் ஒரு வாரம் அந்தத் தோள் வலித்தது. விக்கலும் வந்தது, ஒவ்வொரு விக்கலுக்கும் தையல் இழுத்தது. இதெல்லாம் வரும் போகும், பயப்படாதே என்று மேல் மாடிப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன்.

நாலாவது, காற்று. வயிற்றில் காற்றுப் பிரியாமல் வாயில் எதுவும் கொடுக்க மாட்டார்கள். தினமும் காலையில் அந்த டாக்டர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, காத்துப் பிரிஞ்சதோ என்பார். இல்லை என்பேன். வார்டில் முப்பது கட்டில், முப்பது பேரும் என் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த கட்டிலில் ஒரு ஹொக்கியன் சீனக் கிழவர், டீ குடித்து என்னைச் சாகடித்தவர், தன் வயிற்றைத் தடவிக் காட்டி என்னைப் பார்த்து விரலை ஆட்டுவார், இன்னுமா என்று.

இதற்கு நடுவில்தான் சுவரொட்டி வந்தது. மண்ணீரல் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த பாயிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துக் காட்டி, சுவரொட்டி, இதான் லா அது என்றிருக்கிறார். ரத்தம் குறைந்தவனுக்கு ஆட்டுச் சுவரொட்டி கொடுத்தால் ஊறும் என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். இவனுக்கோ சுவரொட்டியே போய்விட்டது. விடுவார்களா? இரண்டு சுவரொட்டி வாங்கி, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு சூப்பு வைத்து, மூன்றாம் நாள் சாயங்காலம் தூக்குச் சட்டியில் கொண்டுவந்தார்கள். வாசனை வந்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பினாள். ஒருவன் மறைத்து நின்றான், ஒருவன் மூடியில் ஊற்றினான். மடமடவென்று இரண்டு மூடி குடித்தேன்.

உள்ளே போனது கொஞ்ச நேரத்தில் மூக்குக் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வந்துவிட்டது. பழுப்பாக, மிளகுப் பொடியோடு. அதைப் பார்த்த மிஸ்ஸி வயிற்றில் மறுபடி ரத்தம் கசிகிறது என்று பதறி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். தூக்குச் சட்டியையும் முழித்துக்கொண்டு நின்றவர்களையும் பார்த்தார்.

"நான் கஷ்டப்பட்டு ஒண்டை எடுத்துப்போட்டன். இவங்கள் ஆட்டின்ரயைக் கொண்டுவந்து திருப்பி வைக்கிறாங்கள்."

சிரிக்கக் கூடாத நேரம், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்து தையல் கிழிகிற மாதிரி வலித்தது. அன்று ராத்திரி முழுக்க வயிறு பானை மாதிரி உப்பியது. என் நாலு நாள் ஆறு நாள் ஆனது. ஆறாம் நாள் காலையில் காற்றுப் பிரிந்தபோது ஹொக்கியன் கிழவர் கை தட்டினார். தன் டின்னில் இருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என் தலைமாட்டில் வைத்தார், தின்ன விட்டதும் தின்பதற்கு. அவர் பாஷை எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. மூன்று வாரம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். அந்த மாதிரி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு இன்று வரை கிடைக்கவில்லை.

பிற்பாடுதான் தெரிந்தது, அந்த சூப்பை வைத்தது அண்ணன். நடந்தே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே வரவில்லை. வந்தவர்கள் அதைச் சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த ஆள் கை பட்டது இனிமேல் எனக்கு வேண்டாம், ஒரு தடவை கொல்லப் பார்த்தது போதும் என்று அவரிடமே சொல்லச் சொன்னேன். கோபத்தில் சொல்வதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிற புத்தி எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அப்படியே போய்ச் சொல்லிவிட்டார்கள்.

மண்டோர் ஒரு நாள் வந்தார். என் இடத்தில் தற்காலிகமாக ஒருத்தனைப் போட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் வரை தன்னால் பிடித்துவைக்க முடியும், அதற்குள் வந்து மூட்டை தூக்க வேண்டும், இல்லையென்றால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். நல்ல மனிதர். அதற்கு மேல் அவரால் முடியாது என்று எனக்கும் தெரியும். அன்றிலிருந்து கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நான் நினைத்தது இது ஒன்றைத்தான்.

தையல் பிரித்தது வலிக்கவில்லை. பக்கத்துக் குழாயை உருவியதுதான், உள்ளிருந்து குடலையே உருவுகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு நிமிஷம்தான். எழுந்து நடந்த முதல் நாள் கூன் விழுந்த மாதிரி நடந்தேன். நிமிர்ந்து நட என்று மிஸ்ஸி முதுகில் தட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் தன் மேஜைக்கு எதிரே உட்காரவைத்து எல்லாம் சொன்னார். மூன்று மாதம் பாரம் கூடாது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம், இது இல்லாமலே மனிதன் வாழலாம், உழைக்கலாம். ஆனால் காய்ச்சல் வந்தால் மட்டும் கஷாயம், கைவைத்தியம் என்று ஒரு நாள் கூட உட்காராதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வா. இதை இரண்டு முறை சொன்னார். மேல் மாடிப் பெண்ணுக்கும் நான் இதை இரண்டு முறை சொன்னேன். காய்ச்சல் வராமலிருக்க இப்போது முன்கூட்டியே ஊசியெல்லாம் போடுகிறார்கள், இருந்தாலும் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

"அவரு உருட்டினதாலதானே டாக்டர் உடைஞ்சுச்சு?"

"இல்லை. பொதி இடிச்ச அண்டைக்கே அது கிழிஞ்சிட்டுது. உருட்டினது பிழைதான். ஆனா உருட்டாட்டிலும் ரெண்டொரு நாளிலை உடைஞ்சிருக்கும்."

அந்தப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மண்டோரிடம் கொடுத்தேன். காய்ச்சல் விஷயத்தைக் கும்பல் முழுக்கச் சொல்லி வைத்தேன். இதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸில் அண்ணன் தன் பாயை அறையின் அடுத்த கோடிக்கு மாற்றியிருந்தார். மூன்று மாதம் என்னை எல்லோரும் ராஜா மாதிரி வைத்திருந்தார்கள். என் துணியை யாராவது துவைத்துவிடுவார்கள். குழாயடியில் எனக்கு வரிசை கிடையாது. மீன் குழம்பில் நடுத்துண்டம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் ஏற்றி சிராங்கூன் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் நடந்து வருவார்கள். எனக்கு டீ வாங்கி வைத்துவிட்டு, என் தழும்பைக் காட்டச் சொல்லிப் பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். அண்ணன் மட்டும் வருவதில்லை.

அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். விஷயம் தெரியாமல் வருகிற ஒன்றிரண்டு பேரிடமும் அவரே, ஆஸ்பத்திரிக்குப் போப்பா என்று சொல்லி அனுப்பினார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கெஞ்சினான். அவர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் பாயில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. மண்டோர், கோடவுனைக் கூட்டிப் பெருக்குகிற வேலை தருகிறேன், கொஞ்ச நாள் பார் என்றார். கூட்டுகிற வேலைக்குப் போனவன் எவனும் கும்பலுக்குத் திரும்பியதில்லை என்று எனக்குத் தெரியும். முடியாது என்றேன். அன்றைக்கு சயாமில் இருந்து அரிசிக் கப்பல். சாக்கை மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அடுக்குக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

மூட்டை வரவில்லை.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவரோடு ஏற்றுகிறவனும் மூட்டையை விட்டுவிட்டான், தனியாக அவனால் முடியாது.

"நான் ஏத்தமாட்டேன்டா."

"ஏண்ணே?"

"ஒருதடவை என் கை பட்டது போதும் தம்பி. உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்குத் தெரியாது. மறுபடி எதாவது பிஞ்சுதுன்னா என்னால தாங்க முடியாது."

எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. கப்பலில் இருந்து கிரேன்காரன் விசில் அடித்தான். மண்டோர் வந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் கேட்டார்.

"ஏத்துறியா, இல்ல இவன அனுப்பிரவா? கப்பல் காத்துக்கிட்டு இருக்கு."

டாக்டர் சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். அது உங்களால உடையலண்ணே, பொதியாலதான் உடைஞ்சுது, டாக்டரே சொன்னாரு. அவ்வளவுதான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஏற்றியிருப்பார், அழுதிருந்தாலும் அழுதிருப்பார். அது எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னது வேறு.

"என் வயித்த உருட்டுறப்ப தயங்காத கை இப்ப என்ன தயங்குது? ஏத்துங்க. உசுரத்தான் எடுக்க முடியல, சோத்தையும் எடுத்துறாதீங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்தார். அவ்வளவு மெதுவாக ஒரு மூட்டை அதற்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி என் தோளில் இறங்கியதில்லை. இறங்கிய பிறகும் ஒரு நொடி கையை எடுக்காமல் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டிருந்தார். நான் நடந்ததும்தான் விட்டார்.

இடது பக்கம் இழுத்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மறுபக்கத்து அடுக்கில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி குனிந்தேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் மறந்துவிட்டு வழக்கம் போலக் கத்திக்கொண்டும் கேலி செய்துகொண்டும் இருந்தார்கள். என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் மீன் குழம்போடு முட்டையும் அவித்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் அந்தத் தோளில்தான் பிழைத்தேன். ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது என்னைக் கேட்காமலே நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அண்ணன் அதற்கப்புறம் இரண்டு வருஷம் எனக்கு மூட்டை ஏற்றினார். யாருக்கும் சுளுக்கு எடுக்கவில்லை. பிறகு ஊருக்குக் கப்பல் ஏறினார். நாங்கள் வேலை செய்த அதே துறைமுகம்தான், வழியனுப்ப நாங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் வந்தபோது, வயிறு எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லாருக்கு என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை முறை அவர் முகத்துக்கு நேரே போய்க் குனிந்து நின்றிருப்பேன். அவர் மூட்டையைப் பிடிக்கிற நேரத்துக்குள் டாக்டர் சொன்னதைச் சொல்லி முடித்துவிடலாம். ஒரு முறை கூடச் சொல்லவில்லை.